சிவப்புக் கோட்டுக்குக் கீழே

கடைத்தெருவில் எனக்குத் தராசம்மா என்று பெயர். நேரில் மேடம், ஒரு தெரு தாண்டியதும் தராசம்மா. தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போடுவது என் வேலை. நான் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் அவசரமாகத் தட்டைத் துடைப்பார். துடைக்கிற சாக்கில் அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துவிடுவார். நான் நிற்கிற வரைக்கும் அந்தத் தராசு உத்தமனாக நடந்துகொள்ளும். அதனால் நான் தராசைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். கடைக்காரரின் கண் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். இந்தப் புத்தியை அப்பாவின் படுக்கை வரைக்கும் கொண்டுபோயிருக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. சில நேரம் நானும் அந்தக் கட்சிக்குப் போய்விடுகிறேன்.

அப்பாவுக்கு நிமோனியா. வெறும் சளி என்று அவரே முடிவுகட்டி, அவரே வைத்தியமும் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லியே உதடு நீலம் பாரிக்கிற வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே வாய் வழியாகக் குழாயை இறக்கி வெண்டிலேட்டரில் போட்டார்கள். மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, சளி குறைந்தது, மயக்க மருந்தை நிறுத்தியதும் கண்ணைத் திறந்து எங்களை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் குழாய் மட்டும் வெளியே வந்தபாடில்லை. மெஷினே மூச்சு விட்டுக் கொடுத்தால் நெஞ்சுத் தசைகள் வேலையை மறந்துவிடுமாம். அவசரப்பட்டு எடுத்தால் ஆள் திணறிப்போவார். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் குழாய் வழியாகவே புதுக் கிருமி உள்ளே போகும். எப்போது எடுப்பது என்பதைத் தவிர அந்த அறையில் வேறு பேச்சே கிடையாது.

அதைக் கணிக்க ஒரு எண் வைத்திருந்தார்கள். வெண்டிலேட்டரைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்தான் அதை எங்களுக்கு விளக்கினார். தலையில் பாதி முடி போன மனிதர், ஆனாலும் அம்மாவுக்கு அவர் மெஷின் தம்பி.

"ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுறாரு, ஒவ்வொரு மூச்சும் எவ்வளவு ஆழமா இருக்குன்னு பார்த்து மெஷினே ஒரு நம்பர் போடும்மா. வேகவேகமா மேலோட்டமா விட்டா நம்பர் ஏறும். நிதானமா ஆழமா விட்டா இறங்கும். மெஷினோட உதவிய குறைச்சுட்டு அரை மணி நேரம் விட்டுப் பார்ப்போம். நூறுக்குக் கீழயே நின்னா நல்ல குறி."

நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். கட்டிலின் கம்பியில் கையை ஊன்றியபடி, அப்பாவின் காதருகே நின்று சொன்னார். நாங்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். அங்கேதான் கோட்டைவிட்டோம். யார் முன்னால் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம், ஒரு பாய்லர்காரர் முன்னால் சொல்லக் கூடாது.

அப்பா காகித ஆலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சுவரில் ஒரு வட்ட முகப்பு, அதில் ஒரு முள், முள்ளுக்கு ஒரு சிவப்புக் கோடு. அந்த முள்ளைச் சிவப்புக்குப் போகவிடாமல் பிடித்து வைத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டார், அண்ணனைப் படிக்க வைத்தார். பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து வேகமானியையே பார்த்துக்கொண்டு வருவார். ரத்த அழுத்தம் பார்க்கும்போது மீட்டரை முறைத்து, மூச்சை அடக்கி, அதைக் கீழே இறக்கப் பார்ப்பார். "சுவத்தப் பாருங்க சார்" என்று எங்கள் டாக்டர் ஒவ்வொரு முறையும் அதட்ட வேண்டும். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

முதல் சோதனையில் அப்பா பிரமாதமாகத் தேறினார். அரை மணி நேரமும் எண் எழுபதைத் தாண்டவில்லை. குழாயை எடுத்தார்கள், மெஷினை அணைத்தார்கள். கரகரத்த குரலில் அப்பா அம்மாவைப் பார்த்து "சாப்டியா?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மதியத்துக்குள் அவருடைய தோள்கள் ஏறி இறங்கத் தொடங்கின. அதற்கப்புறம் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். குழாயைத் திரும்ப இறக்கும்போது சற்று நேரம் இதயம் நின்றுபோய், நெஞ்சை அழுத்தி மீட்டெடுத்தார்கள் என்று பிறகுதான் சொன்னார்கள்.

அந்தப் பிரிவின் பெரிய டாக்டர் ஒரு பெண். தேய்ந்துபோன செருப்பு, சுற்றி வளைக்காத பேச்சு. டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"எல்லாமே நல்லா இருந்துது. இருந்தும் சில பேருக்கு இப்படி ஆகுது. எங்க கணக்கு எல்லா நேரமும் பலிக்காது. ஆனா ஒண்ணு, இன்னொரு தடவ இப்படி ஆனா அவர் இதயம் தாங்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

"வேற வழி?" என்றான் அண்ணன்.

"கழுத்துல சின்னதா துளை போட்டு அது வழியா குழாய வைக்கலாம். வாய்க்கு விடுதலை. தினம் கொஞ்ச நேரம் மெஷின கழட்டி, கொஞ்சம் கொஞ்சமா பழக்கலாம். நாளாகும். வாரக் கணக்குல, மாசக் கணக்குலகூட."

அம்மா உடனே மறுத்துவிட்டாள். "கழுத்துல ஓட்ட போட்டவங்க யாரும் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்ல." அவள் பார்த்தது ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரரை. ஆனால் அந்த நேரத்தில் அம்மாவிடம் கணக்குப் பேச யாருக்கு வாய் வரும். அப்பாவும் அம்மா பக்கம்தான். எழுதிக் காட்டுவதற்கு ஒரு சின்னப் பலகை கொடுத்திருந்தார்கள். அதில் கோணல்மாணலாக "எடு" என்று எழுதுவார். அழித்துவிட்டுக் கொடுத்தால் மறுபடியும் "எடு".

சில நாள் விட்டு மறுபடியும் சோதித்தார்கள். இந்த முறையும் எண் சொன்ன பேச்சைக் கேட்டது. டாக்டரம்மா மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் கூடப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் குழாயை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அம்மா அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் சோதனை தொடங்கியபோது அப்பா பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். மெஷின் தம்பி உதவியைக் குறைத்து வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். மெஷின் அப்பாவின் தலைமாட்டில் பின்பக்கமாக இருந்தது, திரும்பினாலும் அவருக்குத் தெரியாது. எண் எழுபதுகளில் நின்றது. மூச்சு ஒன்றுபோல் ஏறி ஒன்றுபோல் இறங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் பழக்கதோஷத்தில் அப்பாவின் கண்ணைத் தேடிப் போனது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. கால்மாட்டில் இருந்த கண்ணாடிக் கதவையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளிப்பக்கம் கருநீலத் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அதனால் கண்ணாடியில் அறை அப்படியே தெரிந்தது. நான் குனிந்து அவர் தலை உயரத்துக்கு வந்து பார்த்தேன். கட்டில், கட்டிலுக்குப் பின்னால் மெஷின், மெஷினில் பச்சை நிறத்தில் அந்த எண், இடவலம் மாறி.

நான் எழுந்து, ஒன்றும் தெரியாதவள் போல, கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். நானும் அதற்கேற்ப நகர்ந்துகொண்டேன். எண் எண்பதானது. தொண்ணூற்றைத் தொட்டது. மூச்சு குட்டை குட்டையாக உடைந்தது. அவர் விரலை அசைத்துக் காட்டினார். தள்ளு, தள்ளு. நான் தள்ளவில்லை. நூற்றைத் தாண்டிப் போனதும் எனக்கே பயமாகி விலகிவிட்டேன். அவர் கண்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டன. பல்லைக் கடிக்க முடியாமல் குழாயைக் கடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரு படி ஒரு படியாக எண்ணைக் கீழே கொண்டுவந்தார். நெற்றியில் வியர்வை. முள்ளைச் சிவப்புக்குக் கீழே இறக்கிவிட்டார்.

போன முறை நடந்ததும் அப்போது எனக்கு விளங்கிவிட்டது. குழாயை எடுத்ததும் மெஷினை அணைத்தார்கள். பார்ப்பதற்கு எண் இல்லை. முகப்பு இல்லாத பாய்லர் முன்னால் அவரை உட்கார வைத்துவிட்டோம்.

"அப்பா," என்று அவர் காதருகே சொன்னேன். "கண்ணாடியில நம்பர பார்த்து மூச்சு விடுறீங்க. அப்படித்தானே?"

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. பலகையை வாங்கி "தாங்கும்" என்று எழுதினார்.

"போன தடவையும் தாங்கும்னுதான நினைச்சீங்க? தூங்கும்போது யாருப்பா பிடிச்சுக்கிட்டு இருக்கிறது?"

அவர் கீழே "சொல்லாதே" என்று எழுதினார். இடம் போதவில்லை. அதற்கும் கீழே, ஓரத்தில் நெருக்கி, "வீடு" என்று எழுதினார். நான் அந்தப் பலகையை அவர் கையிலிருந்து வாங்கி, யாரும் பார்ப்பதற்கு முன்னால் புடவையாலேயே துடைத்தேன்.

வெளியே வந்து தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்பாவின் மேலா, மெஷின் தம்பி மேலா, என் மேலேயேவா என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் இன்னும் சற்று நேரத்தில் குழாயை எடுத்துவிடுவார்கள். ஒருவேளை தாங்கினாலும் தாங்குவார். மனத்திடமும் ஒரு பலம்தானே, அதை மட்டும் ஏன் கள்ள எடை என்று நான் ஒதுக்க வேண்டும். தாங்கினால் அவர் நினைத்தபடி வீட்டுக்கு வந்துவிடுவார், நான்தான் உலகத்திலேயே பெரிய அவசரக்குடுக்கை என்றாகும். தாங்காவிட்டால், இன்று சாயங்காலம் அவர் இருக்கமாட்டார். சொன்னால் உயிர் ஒருவேளை மிஞ்சும். என்னை நம்பி ஒன்றே ஒன்று கேட்டார், அந்த நம்பிக்கை போய்விடும்.

டாக்டரம்மா நடந்து வந்தார். நான் சொல்லிவிட்டேன். கண்ணாடி, பாய்லர், முள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒரு உறுத்தல் இருந்துது," என்றார். "மூச்சோட கோடு ரொம்ப சீரா இருந்துது. நோயாளிங்க மூச்சு அப்படி இருக்காது. ஏன்னுதான் பிடிபடல."

"நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம் டாக்டர்."

"நான் சொல்லமாட்டேன்மா," என்றார். "உங்கப்பா முட்டாள் இல்லயே."

சற்று நேரம் அவரை ஓய்வெடுக்கவிட்டு மறுபடியும் தொடங்கினார்கள். இந்த முறை மெஷினின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்கள், கண்ணாடிக் கதவின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டார்கள். அம்மாவும் அண்ணனும் உள்ளே வந்திருந்தார்கள். அப்பா துணியைப் பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, மெஷின் தம்பியைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழியிலேயே அம்மாவின் பார்வையும் வந்து என் மேல் நின்றது.

ஐந்து நிமிடம் சமாளித்தார். பிறகு கழுத்து நரம்புகள் புடைத்தன, வயிறு ஒரு பக்கமும் நெஞ்சு ஒரு பக்கமும் இழுத்தன. சுவர்ப் பக்கம் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மெஷின் தம்பி எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். டாக்டரம்மா நிறுத்தச் சொன்னார். மெஷின் மூச்சைத் திரும்ப ஏற்றுக்கொண்டதும் அப்பாவின் உடம்பு படுக்கையில் தளர்ந்து விழுந்தது.

கழுத்தில் துளை போடுவதற்கு டாக்டரம்மா அப்பாவிடமே சம்மதம் கேட்டார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்.

வெளியே அம்மா நடந்ததை என்னிடமே கேட்டு வாங்கிக்கொண்டு, என்னைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் வலித்தது. "ஊர்ல இருக்கிறவங்கள பிடிச்சது போதாதுன்னு பெத்த அப்பாவ பிடிச்சுக் குடுத்துட்டியேடி. வீட்டுக்கு வரணும்னு தவிச்சாரு. அது ஒரு குத்தமா?"

"அம்மா, எடுத்திருந்தா செத்துப்போயிருப்பாரும்மா."

"உனக்குத் தெரியுமா? சத்தியமா தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அண்ணன் எனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று அவனைப் பார்த்தேன். "நீ செஞ்சது சரிதான்," என்றான், அம்மா போன பிறகு. "ஆனா நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்." ஆறுதல் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும். அது அவனுக்குக் கிடையாது.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மாவிடமே கேட்டேன். அன்றைக்கு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. பொய் சொல்லியாவது என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "அனேகமா திணறியிருப்பாரு," என்றார். "ஆனா அடிச்சுச் சொல்ல என்னால முடியாது."

கழுத்தில் குழாய் வந்தபின் அப்பாவின் முகம் திரும்பக் கிடைத்தது. குரல் இல்லை. உதட்டை அசைத்துப் பேசுவார். அம்மாவிடம் பேசுவார், அண்ணனிடம் பேசுவார், தரையைத் துடைக்க வருகிறவரிடம்கூட ஏதோ கேட்டுச் சிரிக்க வைப்பார். நான் உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்வார். நான் அவர் காலைத் தடவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

தினமும் காலையில் மெஷினைக் கழற்றிவிடுவார்கள். முடிந்த மட்டும் தானாக மூச்சு விட வேண்டும், களைத்துப்போவதற்கு முன்னால் திரும்ப மாட்ட வேண்டும். களைத்த பிறகு மாட்டினால் அன்றைய உழைப்பெல்லாம் வீண், மறுநாள் தசை எழுந்திருக்காது. இப்போது எண் எதுவும் கிடையாது. மெஷின் தம்பி வந்து நின்று கேட்பார். "ஐயா, இன்னும் கொஞ்சம் தாங்குவீங்களா?" அப்பா கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். எப்போது கேட்டாலும் கட்டைவிரல்தான். முகம் வெளுத்து, நகம் கறுத்து வரும்போதும் கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். அப்படியே இரண்டு முறை அளவுக்கு மீறிப் போய், முன்னேறியதெல்லாம் பின்னால் போயிற்று. டாக்டரம்மா கொஞ்சம் கடுமையாகவே பேசினார். வெளியிலிருந்து யார் எவ்வளவு பார்த்தாலும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை அப்பா சொன்னால்தான் உண்டு என்றார். அப்பா அதற்கும் கட்டைவிரலைக் காட்டினார்.

இன்றைக்கு மதியம் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அப்பா காலையிலிருந்து மெஷின் இல்லாமல் இருந்தார். இவ்வளவு நேரம் இதுவரை இருந்ததில்லை. அம்மாவின் முகம் ஒளியாக இருந்தது. இன்று சாயங்காலம் வரைக்கும் தாங்கிவிட்டால், அடுத்த வாரம் பேசுவதற்குக் கழுத்துக் குழாயில் ஒரு வால்வு மாட்டலாம் என்று மெஷின் தம்பி காலையில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவள் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெஷின் தம்பி வந்து நின்றார். "ஐயா, சாயங்காலம் வரைக்கும் தாங்குவீங்களா?"

அப்பாவின் கை எழுந்தது. கட்டைவிரல் பாதி நிமிர்ந்தது, அங்கேயே நின்றது. பிறகு அவர் கண்ணைத் திறந்து, இத்தனை நாளில் முதல் முறையாக, என்னைப் பார்த்தார். கட்டைவிரல் மடங்கியது. சுட்டுவிரல் நீண்டு என்னைக் காட்டியது. உதடு அசைந்தது. அவளைக் கேளு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவள் கண் என்னிடம் கெஞ்சியது. என் அம்மா என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. தாங்குவார் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாருக்குத் தெரியும். நான் அப்பாவின் கழுத்தைப் பார்த்தேன். காறை எலும்புக்கு மேலே ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்னக் குழி விழுந்து எழுந்தது.

"முடியல அவருக்கு," என்றேன். "மாட்டிடுங்க."

மெஷின் தம்பி குழாயை இணைத்தார். அம்மா யாரையும் பார்க்காமல் அறையை விட்டு வெளியே போனாள், அண்ணன் அவள் பின்னால் போனான். அப்பா அழுதார். சத்தம் வராத அழுகை, கண்ணின் ஓரமாக வழிந்து காதுக்குள் போயிற்று. நான் துண்டால் துடைத்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உதட்டை மெல்ல அசைத்துக் கேட்டார்.

"நாளைக்கு வருவியா?"